கிணறு ஒன்று, பள்ளி மட்டும் இரண்டா?

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது மங்களூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் அது. சுற்றுவட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும்தான் கண்ணுக்கு அதிகம் தெரியும். மழை பொய்த்தால் ஆண்கள் வெளியூருக்கு வேலைக்குப் போவார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்கோ, எங்காவது பருத்தி எடுக்கவோ போவார்கள்.

இந்த வட்டாரத்துக் கிராமங்களில் காலை ஏழரை மணிக்குப் போய் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். மஞ்சள் வேன் ஒன்று ஊர்முனையில் வந்து ஆரன் அடிக்கும். டையும் பூட்சும் போட்ட பிள்ளைகள் சிலர் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். வேன் போன பிறகு, அதே தெருவிலிருந்து வேறு சில பிள்ளைகள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு நடந்து போவார்கள். சில நேரம் வேனில் போகிறவனும் நடந்து போகிறவனும் அண்ணன் தம்பி பிள்ளைகளாகவே இருப்பார்கள். மாலையில் இருவரும் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள். பத்து ஆண்டு கழித்து ஒன்றாக விளையாட மாட்டார்கள்.

இதில் தவறு என்ன இருக்கிறது? கையில் காசு உள்ளவர் தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடுகிறார். இல்லாதவர் இருக்கிற பள்ளிக்கு அனுப்புகிறார். தர்மத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. அதை அறிந்துகொள்ள அன்புக்கொடி மக்கள் வேறெங்கும் போக வேண்டாம். சாமித்தோப்புக்குப் போனால் போதும்.

முத்திரிக் கிணறு சொல்லும் பாடம்

பதிக்குப் போகிறவர்கள் முதலில் முத்திரிக் கிணற்றில் பதமிட்டுக் குளிக்கிறார்கள். அதன் பிறகுதான் தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நுழைகிறார்கள். பழகிப்போனதால் அந்தக் கிணற்றின் பெருமை சிலருக்கு மறந்திருக்கலாம். அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலத்துத் திருவிதாங்கூரில் கிணறுகளுக்கும் சாதி இருந்தது. மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர் கிணற்றருகே மற்றவர் போகக் கூடாது. அப்படிப்பட்ட காலத்தில் 18 சாதி மக்களையும் ஒரே கிணற்றில் குளிக்க வைத்து, ஒரே தண்ணீரைக் குடிக்க வைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண வைத்தார் அய்யா.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் கிணறு இல்லாத ஏழைகள் அல்லர். சொந்தக் கிணறு உள்ளவர்களும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து, “நீ உன் கிணற்றிலேயே குளித்துக்கொள், இந்தக் கிணற்றுக்குக் கொஞ்சம் பணம் மட்டும் கொடுத்துவிட்டுப் போ” என்று அய்யா சொல்லவில்லை. எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்து இறைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கொடுப்பது ஒரு தர்மம். கூட நிற்பது அதைவிடப் பெரிய தர்மம்.

ஏன் அப்படி? ஊரில் வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கிணற்றில் இறைத்தால், கிணறு தூர்ந்துபோகாது. தண்ணீர் கலங்கினால் மறுநாளே ஆள் வைத்துத் தூர்வாருவார்கள். ஏழை மட்டும் இறைக்கும் கிணறாக இருந்தால், கலங்கியது கலங்கியபடியே கிடக்கும். கேட்பார் இருக்க மாட்டார்கள். கிணற்றுக்குச் சொன்னது பள்ளிக்கும் பொருந்தும்.

உள்ளே விடாத காலம்

பள்ளியும் ஒரு காலத்தில் கிணறு போலத்தான் இருந்தது. திருவிதாங்கூர் அரசு 1817-லேயே கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று அரச ஆணை வெளியிட்டது. ஆனால் ஒடுக்கப்பட்ட குலங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. அதே திருவிதாங்கூரில்தான் தாங்கல்கள் பிறந்தன. தொடக்க காலத்தில் தாங்கல்கள் வழிபடும் இடமாக மட்டுமல்லாமல், எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இடமாகவும் இருந்தன என்று பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். பள்ளியில் இடமில்லாதவனுக்குத் தாங்கல் நிழல் கொடுத்தது.

அய்யா வைகுண்டம் சேர்ந்த 1851-க்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர் அவர். “எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம்” என்பதுதான் அவர் தலைமையில் நடந்த போராட்டத்தின் சாரம். நாற்று நடும் கைகள் நின்றன. வயலில் களை மண்டியது. வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஓர் ஆண்டு நீண்டது. கூலியை உயர்த்தக் கேட்டு மக்கள் வேலைநிறுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் படிப்புக்காக ஒரு ஜனக்கூட்டமே ஓராண்டு அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின்னர் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் கூட்டிப் போனார். அந்தக் குழந்தை உட்கார்ந்த பள்ளியைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். தன் பிள்ளையின் பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்காருவதைவிடப் பள்ளியே எரிந்து போகட்டும் என்று நினைத்த மனிதர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். அதைத்தான் கலி என்பது.

பிடியரிசியும் பத்துக் காசும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் வேறொரு வழியில் மக்கள் பள்ளியை உண்டாக்கினார்கள். விருதுநகரில் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியபோது அதற்குப் பெரிய ஜமீன்தார் யாரும் பணம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டி விற்ற பணமும், வியாபாரிகள் தங்களுக்குள் வசூலித்த மகமையும் பள்ளியை நடத்தின. அந்தப் பிடியரிசிப் பள்ளியில் சில வகுப்பு படித்துவிட்டு, தகப்பனார் இறந்ததால் படிப்பை விட்ட ஒரு சிறுவன்தான் பின்னாளில் முதலமைச்சரான காமராசர்.

தான் கண்டதை அவர் மறக்கவில்லை. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது முதலில் அது ஊர் மக்களின் நன்கொடையில்தான் நடந்தது. மறு ஆண்டு அரசு பங்கு ஏற்றுக்கொண்டது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் அதில் ஆறு காசு அரசு, நான்கு காசு ஊர். அரசு முழுவதையும் கொடுத்தால் ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும். ஊரே முழுவதையும் கொடுக்க வேண்டுமென்றால் ஏழை ஊர் கைவிட்டுவிடும். இரண்டு கையும் சேர்ந்தபோது பந்தி நடந்தது.

அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. எந்தப் பள்ளிக்கு என்ன இல்லை என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள். பிறகு ஊர் கூடி, ஒருவர் கரும்பலகை, ஒருவர் பெஞ்சு, ஒருவர் சீருடைத் துணி, ஒருவர் கட்டடத்துக்கு நிலம் என்று கொடுத்தார்கள். இந்த மாநாடுகள் மாவட்டம் மாவட்டமாகப் பரவின. இன்று ஊராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தாத்தா காலத்துக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்றால், அந்தச் சுவரில் ஊராரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

இவ்வளவும் செய்தவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவர்கள் கொடுத்தது தங்கள் பிள்ளையும் உட்காரும் பள்ளிக்கு. அதனால் கொடுத்ததோடு விடவில்லை. வாத்தியார் வந்தாரா, கூரை ஒழுகுகிறதா, மணி அடித்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே நிற்காத காலம்

இன்று யாரும் யாரையும் பள்ளி வாசலில் தடுப்பதில்லை. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்கிறது விதி. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் ஒரே சமச்சீர்ப் பாடநூல். 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதித் தேறித்தான் வேலைக்கு வருகிறார். தனியார் பள்ளி ஆசிரியரைவிடப் பல இடங்களில் அவர் அதிகம் படித்தவர், அதிகச் சம்பளம் வாங்குபவர்.

அப்படியிருந்தும் மங்களூர் போன்ற வட்டாரங்களில் ஏன் வேன் வருகிறது? பழைய ஏற்றத்தாழ்வு உள்ளே விடாததால் வந்தது. இன்றைய ஏற்றத்தாழ்வு வசதி உள்ளவர் உள்ளே நிற்காததால் வருகிறது.

இதை ஒரு சின்னக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ம் தேதி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் முடிவாகும். உபரி என்று வருகிற ஆசிரியர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்.

உதாரணத்துக்கு ஓர் ஊரில் 68 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆசிரியர் இருப்பார்கள். ஊரில் வசதி உள்ள எட்டுக் குடும்பம் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டால் 60 ஆகிவிடும். ஓர் ஆசிரியர் போய்விடுவார். மீதி இரண்டு பேர், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்கோ அலுவலக வேலைக்கோ போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் ஐந்து குடும்பம், “அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள்?” என்று சொல்லிக் கிளம்பிவிடும். கடைசியில் வேன் கட்டணம் கட்ட முடியாதவர் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

முதலில் போன எட்டுக் குடும்பத்தாரும் கெட்டவர்கள் அல்லர். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் 60 பிள்ளைகளின் ஓர் ஆசிரியர் அவர்களோடு சேர்ந்து போய்விட்டார். பிள்ளைகளோடு இன்னொன்றும் போய்விட்டது: கேட்கும் குரல். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய், “எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏன் ஆசிரியர் போடவில்லை?” என்று அச்சமின்றிக் கேட்கக்கூடியவர்கள் அந்த எட்டுக் குடும்பத்தில்தான் இருந்தார்கள். மிஞ்சியிருக்கும் தாய் அன்றாடம் கூலிக்குப் போகிறவள். ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் அன்று அடுப்பு எரியாது.

மங்களூருக்குக் கிழக்கே இருக்கிற விருத்தாசலம் செராமிக் பொருள்களுக்குப் பேர் போனது. அங்கே செராமிக் தொழிற்பேட்டை உண்டு. அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க அரசின் கல்வி நிலையமும் உண்டு. பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: ஒரே மண்ணைப் பிசைந்து, ஒரே அச்சில் வார்த்து, ஒரே சூளையில் அடுக்கினாலும், சூடு சரியாகப் போய்ச் சேராத மூலையில் இருக்கும் உருப்படி வேகாது. தொட்டால் உடையும், தண்ணீர் ஊற்றினால் கசியும். அதைப் பார்த்து யாரும் மண்ணைக் குறை சொல்வதில்லை. சூளையைத்தான் சரி பார்ப்பார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்றால் மட்டும், “அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது” என்று மண்ணைக் குறை சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சொல்லும் கலியின் சொல்தான்.

தகப்பன் செய்தது தவறா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க் கேள்வி உண்டு. “ஊர்ப் பள்ளி நன்றாக வேண்டும் என்பதற்காக என் பிள்ளையின் படிப்பை நான் பலியாக்க வேண்டுமா? பெற்ற பிள்ளைக்குச் செய்வதும் கடமைதானே?” என்று ஒரு தகப்பன் கேட்பார். அவர் மளிகைக் கடையில் நாள் முழுவதும் நின்று, வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டுகிறவராக இருக்கலாம். தான் எட்டாம் வகுப்போடு நின்ற வேதனை பிள்ளைக்கு வரக் கூடாது என்று நினைக்கிறவராக இருக்கலாம். அவரைப் பாவி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தங்கள் பிள்ளை அங்கே படித்தால்தான் அதிகாரிகள் அந்தப் பள்ளியைக் கவனிப்பார்கள் என்பது அதன் காரணம். காரணம் சரி. ஆனால் உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1964-ல் அமைந்த கோத்தாரி கல்விக் குழுவும், அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பொதுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அதுவும் ஏட்டிலேயே இருக்கிறது. சட்டத்தால் ஆளைப் பள்ளிக்குள் தள்ளலாம். மனசைத் தள்ள முடியாது.

அய்யா யாரையும் கழுத்தைப் பிடித்துக் கிணற்றுக்கு இழுத்து வரவில்லை. வந்தவர்கள் மனம் மாறி வந்தார்கள். அதனால் அந்தத் தகப்பனிடம் கேட்க வேண்டியது வேறு. “உன் பிள்ளையை எங்கே சேர்த்தாய்?” என்பதை மட்டும் கேட்டுவிட்டு நிற்கக் கூடாது. “உன் ஊர்ப் பள்ளியை யாருடையது என்று நினைக்கிறாய்?” என்றும் கேட்க வேண்டும். அது இல்லாதவர் பள்ளி, எனக்கும் அதற்கும் ஒன்றுமில்லை என்று அவர் நினைத்தால், அங்கேதான் தவறு. வேனில் ஏற்றியது பிள்ளையை மட்டுமல்ல, ஊரின் பாதியையும் சேர்த்து ஏற்றி அனுப்பிவிட்டார் என்று பொருள்.

அந்தத் தகப்பன் இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். வேன் போகிற பள்ளியைத் தேர்ந்தெடுத்தபோது, ஊர்ப் பள்ளிக்குள் ஒரு முறையாவது போய்ப் பார்த்தாரா? ஆசிரியரிடம் பேசினாரா? பல பேர் பார்க்காமலே தள்ளிவிடுகிறார்கள். அங்கே யார் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை வைத்துத் தள்ளுகிறவர்களும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தன் பிள்ளை யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதற்காகக் கட்டணம் கட்டுகிறவர், ஊரூட்டம்பலத்தில் தீ வைத்தவனிடமிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்பதை அவரே தன் நெஞ்சிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசின் கடமை எங்கே?

“எல்லாவற்றையும் ஊரே செய்தால் அரசு எதற்கு?” என்பது இன்னொரு கேள்வி. இதுவும் நியாயமான கேள்விதான். வரி கட்டுகிறவர் மக்கள். ஆசிரியர் போடுவதும் கட்டடம் கட்டுவதும் அரசின் கடமை. ஊர் மக்கள் நன்கொடை திரட்டி எல்லாம் செய்துகொண்டால், பணமுள்ள ஊர்ப் பள்ளி பளபளக்கும். மங்களூர் போன்ற மானாவாரி வட்டாரத்துப் பள்ளி அப்படியே கிடக்கும். ஏற்றத்தாழ்வு குறையாது. புது வேஷத்தில் திரும்பி வரும்.

அதனால் ஊரின் முதல் வேலை கேட்பது. இரண்டாவது வேலைதான் கொடுப்பது. கேட்பதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு போடும் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. ஊராட்சியில் கிராமசபை கூடும்போது, “எங்கள் பள்ளியில் ஆசிரியர் இடம் காலி, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை” என்று எழுந்து சொல்லித் தீர்மானத்தில் ஏற்றலாம். வைகுண்டர் திருவிதாங்கூர் அரசின் அநியாய வரிகளுக்கு எதிராகப் பேசியதற்காகச் சிங்காரத்தோப்பில் சிறை இருந்தவர். அவர் வழியில் வந்தவர்கள் கிராமசபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்கத் தயங்கலாமா?

மக்கள் கேட்டதால்தான் சில வாசல்கள் திறந்திருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு தனி இடம் 2020-ல் சட்டமானது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. ஆனால் மேலே வாசல் திறந்தாலும், கீழே ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் நின்றுவிடும் பிள்ளை அந்த வாசல்வரை வந்து சேராது. அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவர ஊர்தான் வேண்டும்.

தாங்கல் செய்யக்கூடியது

தென்மாவட்டங்களிலிருந்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் போய் வடமாவட்டங்களில் தங்கிவிட்ட அன்பர்கள் பலர். போன ஊரின் காற்றையும் தண்ணீரையும் அனுபவிக்கிறார்கள். அந்த ஊர்ப் பள்ளியும் அவர்கள் பள்ளிதான். அவர்களும், தாங்கல் உள்ள எல்லா ஊர் அன்பர்களும் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, மாலை நேர வாசிப்பு. 2021-ல் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தாங்கலில் விளக்கேற்றிய பிறகு ஒரு மணி நேரம் அதுபோலச் செய்யலாம். எந்தச் சாதிப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்கக் கூடாது. நாமம் இட்டால்தான் பாடம் என்றும் சொல்லக் கூடாது.

அன்பர்களுக்கு இதில் தனி அக்கறையும் வேண்டும். கார்த்திகையில் சாமித்தோப்பில் 17 நாள் திருஏடு வாசிக்கிறார்கள். தாங்கல்தோறும் ஏடு வாசிப்பு நடக்கிறது. அய்யாவழி, கேட்டும் படித்தும் வளர்ந்த வழி. இன்று ஏடு வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் நரைத்த தலைக்காரர்கள். ஊர்ப் பள்ளியில் சரியாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கும் தமிழ் வாசிக்க வரவில்லை. வேனில் போன பிள்ளைக்கும் தமிழ் வாசிக்க வரவில்லை. இருவரும் ஒதுங்கிவிட்டால் நாளை ஏட்டைத் திறந்து யார் வாசிப்பது?

இரண்டாவது, சித்திரை வைகாசியிலேயே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பது. ஆகஸ்ட் 1-க்கு முன் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆசிரியரைத் தக்கவைக்கும் பிள்ளையாக இருக்கலாம். வசதி உள்ள அன்பர் ஒருவர் தன் பேரப்பிள்ளையை ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அது நூறு பிரசங்கத்துக்குச் சமம்.

மூன்றாவது, மேலாண்மைக் குழுக் கூட்டம். கூலிக்குப் போகும் தாய் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால், கூட்டத்தை அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வைக்கும்படி கேட்கலாம். வந்தவள் பேசத் தயங்கினால் பக்கத்தில் நின்று தைரியம் சொல்லலாம். அவளுக்குப் பதிலாகப் பேசிவிடக் கூடாது. அவள் குரலே அங்கே கேட்க வேண்டும்.

நான்காவது, கொடுப்பது. விசிறியோ, தண்ணீர்த் தொட்டியோ, நூலகத்துக்குப் புத்தகமோ கொடுக்கலாம். கொடுத்ததில் தாங்கலின் பெயரோ, ஆளின் பெயரோ எழுத வேண்டாம். பள்ளிச் சுவரில் தானம் கொடுத்தவர் பெயரைப் பார்த்துப் பார்த்து வளரும் பிள்ளை, தான் பிச்சை வாங்கிப் படிப்பதாக நினைக்கும். பந்தியில் அன்னம் பரிமாறுகிறவர் இலையில் தன் பெயர் எழுதுவதில்லை. அதே மரியாதை பள்ளிக்கும் வேண்டும்.

கண்ணாடியில் தெரிவது யார்?

தாங்கலின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் தலைப்பாகை கட்டி நிற்கிறவர் தன்னையே காண்கிறார். அவருக்குள் இருக்கும் இறைதான் எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்பதே அதன் பொருள். அன்பர்கள் இதைத் தினமும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போகும் பிள்ளைக்குள்ளும் அதே இறைதானே இருக்கிறது?

அடிமைத்தளையில் கிடந்தவர்களைத் தலைநிமிரச் செய்து, அவர்கள் தலையில் பாகை கட்டவைத்தார் அய்யா. பாகை கட்டிய தலைக்குள் எழுத்து இல்லாமல் போனால், நாளை யாராவது வந்து அந்தத் தலையை மறுபடியும் குனியவைப்பார்கள். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதுதான் தர்மம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அன்புக்கொடி மக்கள். இன்று தாழ்ந்து கிடப்பவர் யார் என்று தெரிய வேண்டுமானால், மங்களூரானாலும் சரி, வேறெந்த ஊரானாலும் சரி, காலை ஒன்பது மணிக்கு ஊர்ப் பள்ளி வாசலில் போய் நிற்கலாம். வகுப்பு ஐந்து இருக்கும். ஆசிரியர் இரண்டு பேர் இருப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மாலைப் பணிவிடைக்குப் போக வேண்டும்.

அய்யா உண்டு.